மூன்றாவது குறிப்பு

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கு மூன்றாவது குறிப்பு பாஸ்டருக்குக் கிடைக்காவிட்டால் அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. முதல் குறிப்பு வியாழக்கிழமையே வந்துவிடும். இரண்டாவது வெள்ளிக்கிழமை. மூன்றாவதுதான் மனிதரைப் படாதபாடு படுத்தும். முதல் இரண்டும் எந்த எழுத்தில் தொடங்கினவோ அதே எழுத்தில் அதுவும் தொடங்க வேண்டும். முதல் இரண்டும் கீழே தள்ளிவிட்ட ஜனங்களை அது கைகொடுத்துத் தூக்கி, கடைசிப் பாட்டின் வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். சனிக்கிழமை பூராவும் முன்னறையில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். நடந்து நடந்து சமையலறை வாசலுக்கு வந்து, "'ப'வுல சந்தோஷம்னு வர்ற மாதிரி ஒரு வார்த்தை சொல்லேன்" என்பார்.

"பசி" என்பாள் மனைவி. "மணி ரெண்டாகுது. வந்து சாப்பிடுங்க."

சபையில் அவளைப் பாஸ்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வாரத்தில் ஆறு நாள் அவள் பாஸ்டரம்மா இல்லை, ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற சலவை ஆலையில் துணி பிரிக்கிறவள். ஐந்து ஆஸ்பத்திரிகளின் அழுக்கு அங்கே வந்து விழும். ரத்தக்கறை ஒரு பக்கம், மருந்துக்கறை ஒரு பக்கம், வெறும் அழுக்கு ஒரு பக்கம் என்று பிரித்துப்போட வேண்டும். மடிப்புக்குள் ஊசி இருக்கும், கத்தரிக்கோல் இருக்கும், ஒரு தடவை யாருடையதோ பல்செட்டே இருந்தது. தடித்த கையுறைக்குள் விரல் வெந்து வெளுத்துக் கிடக்கும். அந்தப் பக்கம் ஆறு டிரம்கள் சுற்ற, இந்தப் பக்கம் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடும் பெரிய உருளையிலிருந்து ஆவி சீறும். அந்தச் சத்தத்தில் வாய் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

அதனாலேயே காது கேட்காதவர்களை அங்கே தேடிப்பிடித்து வேலைக்கு எடுத்தார்கள். "சத்தம் அவங்களை ஒண்ணும் பண்ணாது பாருங்க" என்று மேனேஜர் ஏதோ தர்மம் செய்கிறவர் மாதிரி சொல்லிக்கொள்வார். ஏழு பேர் இருந்தார்கள். அவர்களைப் பார்த்துப் பார்த்து ஆலையே கையால் பேசப் பழகிவிட்டது. பாஸ்டரம்மாவுக்கு இரண்டு வருஷத்தில் கைப்பேச்சு தண்ணீர் பட்ட பாடு. பள்ளிக்கூடம் விட்டு நேராக ஆலைக்கு வந்து, மடிக்கிற மேஜைக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதின அவள் மகள், அம்மாவைவிடச் சுத்தமாகப் பேசினாள்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் அந்த ஏழு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வந்து இடது பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து பாஸ்டரம்மாவுக்குப் பிரசங்க பீடத்துக்குக் கீழே ஒரு நாற்காலி. அவர் வாயால் சொல்வதை அவள் கையால் சொல்வாள். அதற்கு அவளே தனக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். ஒரு சொல் கூட்டக் கூடாது, ஒரு சொல் குறைக்கக் கூடாது, சொந்தச் சரக்கு எதுவும் கலக்கக் கூடாது. அவர் 'நான்' என்றால் இவள் கையும் 'நான்' என்றுதான் சொல்லும். கைப்பேச்சில் 'ப'வும் கிடையாது 'க'வும் கிடையாது என்பதால் அவர் மண்டையை உடைத்துக்கொண்டு பிடித்த முதலெழுத்தெல்லாம் அந்த வரிசையை எட்டுவதற்குள் காற்றில் போய்விடும். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் ஒவ்வொரு வாரமும் மூன்று விரலைத் தூக்குவதுதான். அவருக்கு அவர்கள் வைத்த பெயரும் அதுவே. மூன்று விரலைத் தூக்கிக் காட்டினால் பாஸ்டர் என்று அர்த்தம். அவருக்கு அது தெரியாது. "என் ஊழியம் வாய்ம்மா. கையெல்லாம் நமக்கு வராது" என்று சொல்லி, பதினொரு வருஷத்தில் ஒரு 'வணக்கம்' கூட அவர் கற்றுக்கொள்ளவில்லை.

குறிப்பு என்றால் உதாரணம் வேண்டும். உதாரணத்துக்கு அவர் வெளியே போனதே இல்லை, வீட்டிலேயே கைவசம் இருந்தது. மனைவி பல்லியைப் பார்த்து நாற்காலிமேல் ஏறியதைச் சொல்லி விசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கித்தார். அவள் தன் அக்காவோடு பேசாமல் இருந்ததைச் சொல்லி மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கித்தார். "என் மனைவி இருக்காளே" என்று அவர் தொடங்கும்போது, 'என் மனைவி இருக்காளே' என்று அவள் கைதான் சொல்ல வேண்டும். தன்னைப் பற்றித் தானே கோள் சொல்லிக்கொண்டு நிற்கிற பிழைப்பு. கடைத்தெருவில் சபைப் பெண்கள், "பல்லி போயிடுச்சாம்மா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள்.

மகள் சிரிக்கவில்லை. பதினாலு வயதில் அவள் கணக்கில் தோற்றுப் பேப்பரை ஒளித்து வைத்ததை அவர் 'மறைக்கப்பட்ட பாவம்' என்று பிரசங்கித்துவிட்டார். நாலாவது வரிசையில் அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அன்று சாயங்காலம் அவள் அப்பா முன்னால் வந்து நின்று சொன்னாள். "இன்னொரு தடவை என்னைப் பத்தி அங்க ஏறிப் பேசினீங்கன்னா நான் இந்த வீட்ல இருக்கமாட்டேன்." வயதுக்கு மீறின பேச்சுதான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தவருக்கு அதில் விளையாட்டு இல்லை என்று தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் அவளைத் தொடவில்லை. உதாரணம் முழுக்க மனைவி தலையில் விழுந்தது.

அந்த மகளுக்குத்தான் மூன்று வாரத்துக்கு முன்னால் ஒன்பதாம் மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. மூச்சு இல்லாமல் பிறந்தது. மருமகன் தூரத்துக்கு லாரி ஓட்டுகிறவர். நாலு நாள் லீவு கொடுத்தார்கள், முடிந்ததும் கூப்பிட்டுக்கொண்டார்கள். மகளைப் பாஸ்டரம்மா தன் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். வந்ததிலிருந்து மகள் வாய் திறக்கவில்லை. "தொண்டையைத் தொறந்தா வேற என்னமோ வருது" என்று கையால் சொன்னாள். அம்மாவோடு எல்லாவற்றையும் கையால்தான் பேசினாள். இரண்டு பெண்களும் எதிரெதிரே உட்கார்ந்து சத்தமில்லாமல் பேசிக்கொண்டிருக்க, பாஸ்டர் வாசலில் வந்து நிற்பார், செருமுவார், போய்விடுவார்.

அவருக்கு வலிக்காமல் இல்லை. அந்தச் சின்னப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவரே அவர்தான். கல்லறையில் ஜெபத்தைத் தடுமாறாமல் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, ஷூவைக் கழற்றாமல் பின்வாசல் படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அதை மனைவி பார்த்தாள். டீ கொண்டுபோய் வைத்தாள். டீ ஆறிப்போனது.

மாத்திரை கொடுத்தும் மகளுக்குப் பால் நிற்கவில்லை. உடம்புக்கு விஷயம் தெரியாதே. அந்த வியாழக்கிழமை வேலை முடிந்து பாஸ்டரம்மா வீட்டுக்கு வந்தபோது மகள் பின்னறை ஜன்னல் ஓரம் நின்றிருந்தாள். சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்து வயிறுவரை இறங்கியிருந்தது. கண்ணை மேலே தூக்கி, இரண்டு கையையும் தலைக்கு மேல் நீட்டி, உள்ளங்கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

ஆலையில் புதிதாக வருகிறவருக்கு முதல் நாள் சொல்லித்தருகிற சைகை அது. மெஷினை நிறுத்து. யாருடைய கையோ துணியோ உள்ளே போய்விட்டது, நிறுத்து. அதைப் பார்த்தவர் யாராக இருந்தாலும், மேனேஜரே ஆனாலும், பக்கத்திலிருக்கிற சிவப்புப் பொத்தானை அறைய வேண்டும். கேள்வியெல்லாம் பிறகுதான். பதினெட்டு வருஷம் பழகிய பாஸ்டரம்மாவின் கை, தானாகப் போய்ப் பின்னறைச் சுவரை ஓங்கி அறைந்தது. அங்கே என்ன பொத்தானா இருக்கிறது. உள்ளங்கை எரிய எரிய ஓடிப்போய் மகளைப் பிடித்துக்கொண்டாள். துண்டை நாலாக மடித்து மார்பில் வைத்து இறுக்கிக் கட்டினாள். கூடத்தில் கணவர் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

மறுநாள் ஆலையில் பிரசவ வார்டு மூட்டை வந்தது. குழந்தையைச் சுற்றுகிற சின்னச் சின்ன வெள்ளைத் துணிகள். எண்ணூறு படுக்கை விரிப்பை அசராமல் பிரிக்கிறவளுக்கு அந்த ஒரு மூட்டையை அவிழ்க்கக் கை வரவில்லை. இஸ்திரி உருளையில் நிற்கிற பெண், உருளைக்காரி என்று பெயர், தன் இடத்தைவிட்டு வந்து அவளைத் தோளால் இடித்து ஒதுக்கினாள். பிறவியிலேயே காது கேட்காதவள், ஐம்பது வயசு, ஆவி பட்டுப் பட்டு முழங்கை வரைக்கும் தழும்பு. "நீ போய் உருளையில நில்லு. இதை நான் பார்க்கறேன்" என்று கையால் சொன்னாள். சூப்பர்வைசர் தூரத்திலிருந்து வாயை அகலத் திறந்து என்னமோ கத்தினான். உருளைக்காரி அவனைப் பார்த்து, காது கேட்கவில்லை என்று தன் காதைத் தொட்டுக் காட்டினாள். அவளுக்கு வேண்டாதபோதெல்லாம் அப்படித்தான் செய்வாள்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மத்தியானம் ஏழு பேரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ரொட்டியும் அவித்த முட்டையும் கொண்டுவந்திருந்தார்கள். பாஸ்டர் முன்னறையில் நடந்துகொண்டிருந்தவர், "வாங்க, வாங்க, உட்காருங்க" என்று தெருவே கேட்கிற மாதிரி சத்தம்போட்டு வரவேற்றார். அவர்கள் மூன்று விரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஆசீர்வாதம் கேட்கிறார்கள் என்று நினைத்து அவர் தலையாட்டினார்.

பின்னறையில் மகளைச் சுற்றி உட்கார்ந்து முட்டையை உரித்து உரித்துக் கொடுத்தார்கள். ஆண்டவர் சித்தம் என்று ஒருவரும் சொல்லவில்லை. மேனேஜர் புதிதாக வைத்துக்கொண்ட மீசையைப் பற்றிப் பேசினார்கள். மகளுடைய உதட்டோரம் லேசாக அசைந்தது. புறப்படும்போது உருளைக்காரி, "நாளைக்குச் சபைக்கு வா. எங்க வரிசையில உட்காரு. யாரும் உன்னை ஒண்ணும் கேக்கமாட்டாங்க, நான் பார்த்துக்கறேன்" என்றாள். மகள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வரேன்" என்றாள். மூன்று வாரத்தில் அந்தப் பெண் வாசலைத் தாண்டியதில்லை. பாஸ்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர்களை அனுப்பிவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பாஸ்டர் வந்து நின்றார்.

"கிடைச்சிடுச்சு" என்றார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"என்ன கிடைச்சுது?"

"மூணாவது. நாளைக்கு எடுத்திருக்கிற பகுதி தெரியுமில்ல? பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய் அழுவுறாளே, ஆறுதலே வேண்டாங்கிறாளே, அந்த வசனம். கலங்கினாள். கதறினாள். ரெண்டு இருந்துது. மூணாவதுக்கு நேத்துலருந்து அலைஞ்சேன்." ஒரு நொடி நிறுத்தினார். "களிகூர்ந்தாள்."

"யாரு களிகூர்ந்தா?"

"நம்ம பாப்பாதான். வியாழக்கிழமை நானே பார்த்தேன். கூடத்துல நின்னுட்டிருந்தேன். ஜன்னல்கிட்ட ரெண்டு கையையும் தூக்கி, வானத்தைப் பார்த்து… அந்த நிலைமையிலயும் அவ ஆண்டவரைத் துதிச்சா. நான் அவளைப் பெத்தவன், என்னால அப்படிக் கையைத் தூக்க முடியல. அவ தூக்கினா."

பாஸ்டரம்மா குழாயை மூடினாள். ஈரக் கையைத் துடைக்கவில்லை.

"அது துதி இல்லீங்க" என்றாள். "எங்க ஆலையில அது மெஷினை நிறுத்துன்னு அர்த்தம். யாராவது உள்ள மாட்டிக்கிட்டா அப்படித்தான் காட்டுவோம். அவ நிறுத்துன்னு சொன்னா. பாலை நிறுத்துன்னு சொன்னாளோ, இந்தக் கஷ்டத்தை நிறுத்துன்னு சொன்னாளோ. துதிக்கல."

அவர் முகம் ஒரு கணம் விழுந்தது. அதோடு விட்டிருந்தால் கதையே இல்லை. பிரசங்கியாராயிற்றே, விட்டதை எடுத்துக் கட்டத் தெரியும்.

"உனக்கு அப்படித் தெரிஞ்சுது. எனக்கு வேற தெரிஞ்சுது. ஒரே சைகைதானே. ஆவியானவர் எனக்கு ஏன் அதை அப்படிக் காட்டணும்?"

"ஆவியானவர் காட்டல. உங்களுக்குக் கைப்பேச்சு தெரியல. அவ்வளவுதான் விஷயம்."

"நாளைக்கு அந்தக் கூட்டத்துல யார் யார் உட்கார்ந்திருப்பாங்க தெரியுமா? புருஷனைப் பறிகொடுத்தவங்க, வேலை போனவங்க, ஆபரேஷனுக்கு நாள் குறிச்சவங்க. வாரம் முழுக்க அடிவாங்கிட்டு வர்றாங்க. அவங்களைக் கதறினாள்ங்கிற இடத்துல விட்டுட்டு ஆசீர்வாதம் சொல்லி அனுப்பச் சொல்றியா? அதுக்குப் பேர் பிரசங்கமா?"

"வசனம் அவளை அங்கதானே விட்டிருக்கு? ஆறுதல் வேண்டாங்கிறா. அதோட முடிஞ்சுபோச்சே."

"அடுத்த வசனம் இருக்கு. அழாதேன்னு ஆண்டவர் சொல்றார்."

"சொன்னார். அவ அழுகையை நிறுத்தினான்னு எங்க எழுதியிருக்கு?"

அவர் மேஜைமேல் இருந்த வேதாகமத்தைத் திறந்தார். மூடினார். முப்பது வருஷமாக அந்த வசனத்தைப் படிக்கிறவர்.

"பதினோரு வருஷமா நீங்க சொன்னதைச் சொல்றேன்" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "ஒரு வார்த்தை கூட்டினதில்ல. என்னைப் பத்திக் கேவலமா சொன்னப்பகூடக் குறைச்சதில்ல. ஏன் தெரியுமா? அது என் வார்த்தை இல்ல, அடுத்தவங்க வார்த்தை. அதுல கை வைக்க எனக்கு உரிமை கிடையாது. நீங்களும் என்னை மாதிரி எடுத்துச் சொல்றவர்தானே? 'நான் வெறும் வாய், வார்த்தை அவரோடது'ன்னு வாரா வாரம் சொல்றீங்களே. அப்ப இல்லாததைக் கூட்ட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தா? 'க'வுல ஒண்ணு குறையுதுன்னா பெத்த பொண்ணைக் களிகூர வைப்பீங்களா?"

"பேர் சொல்லமாட்டேன்."

"பேர் சொல்லாட்டி யாருக்கும் தெரியாதாக்கும். அவ நாளைக்கு வர்றா. மூணு வாரம் கழிச்சு முதல் தடவையா வெளிய வர்றா. அவளைப் பத்தி நீங்க அங்க ஒரு வார்த்தை பேசினா அதோட அவ நமக்கு இல்ல. பதினாலு வயசுல சொன்னது ஞாபகம் இருக்கில்ல?"

அவர் மேஜையில் கிடந்த முட்டை ஓடுகளை விரலால் ஒன்றாகக் கூட்டினார். கூட்டிக்கொண்டே சொன்னார். "சரி. சொல்லல. போதுமா?"

அந்த மூன்றாவது குறிப்பு சபைக்கு வேண்டியதைவிட அவருக்கு அதிகமாக வேண்டியிருந்தது என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. அந்தப் பெட்டியைத் தூக்கினவருக்கு யாராவது ஒருவர் களிகூர்ந்தாக வேண்டியிருந்தது. அது தெரிந்ததால் இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான். உனக்கு வேண்டுமென்றால் நீ தேடிக்கொள், அவளிடமிருந்து ஏன் பிடுங்குகிறாய் என்ற கோபம். ஆனாலும் 'போதுமா' என்று வாக்குக் கொடுத்தாயிற்று என்று நம்பினாள். மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே தூறல். சபையில் நனைந்த குடைகளும் ஈரத்துணி வாடையுமாக இருந்தது. மகள் உருளைக்காரிக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். இரண்டு பெண்கள் ஆறுதல் சொல்ல வந்தார்கள். உருளைக்காரி காலை நீட்டி வழியை அடைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்துச் சிரித்தாள். அவர்கள் திரும்பிப்போய்விட்டார்கள்.

பாஸ்டர் ஏறினார். முதல் விரலைத் தூக்கினார். கலங்கினாள். நன்றாகவே பேசினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். பாஸ்டரம்மாவின் கை அவர் வேகத்துக்கு ஈடுகொடுத்து ஓடியது. இரண்டாவது விரல். கதறினாள். பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். இந்த இடத்தில் வேறு எதையாவது எடுப்பார், பழைய பிரசங்கத்திலிருந்து ஒன்றைப் பிடித்துப்போடுவார் என்று அவள் நினைத்திருந்தாள். அவர் தண்ணீர் குடித்தார். ஜனங்களைப் பார்த்தார். அத்தனை முகமும் அண்ணாந்து அவருடைய மூன்றாவது விரலுக்காகக் காத்திருந்தது. அந்த முகங்களைப் பார்த்ததும் மனிதர் நிலைகொள்ளவில்லை. எத்தனையோ வருஷப் பழக்கம்.

"நம்ம நடுவுல ஒரு மகள் இருக்கா" என்றார்.

பாஸ்டரம்மாவின் கை அதைச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"பிள்ளையைப் பறிகொடுத்தவ. அவ மார்புல பால் இருக்கு, மடியில பிள்ளை இல்ல." கை சொன்னது. "அந்த நிலைமையிலயும், பிரியமானவர்களே, அவ ரெண்டு கையையும் உயர்த்தி ஆண்டவருக்குள்ள களிகூர்ந்தா."

கை நின்றது.

அவள் முடிக்கட்டும் என்று ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் ஒரு மூச்சு நிறுத்துவது அவர் வழக்கம். நிறுத்தினார். ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் கை இரண்டும் மடியில் கிடந்தன. கேட்கவில்லை என்று நினைத்து மறுபடி சொன்னார், "களிகூர்ந்தா." அசையவில்லை. மூன்றாம் தடவை மைக்குக்கு நெருங்கி வந்து சொன்னார். பிறகு ஜனங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"அம்மாவுக்குக் கை வலிக்குது போல. வாரம் பூரா துணி பிரிக்கிற கையாச்சே."

சபை சிரித்தது. நனைந்த குடையும் மனுஷருமாக எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள்.

உருளைக்காரி சிரிக்கவில்லை. "என்ன சொல்றார்? ஏன் நிறுத்திட்ட?" என்று கேட்டாள். பாஸ்டரம்மா என்ன பதில் சொல்வாள். அவர் சொன்னதைச் சொன்னால் பொய்யைச் சொன்னதாகும். சொல்லாவிட்டால் குறைத்ததாகும். பதினொரு வருஷத்துச் சட்டம் இரண்டு பக்கமும் கழுத்தைப் பிடித்தது.

மகளுக்குக் காது நன்றாகக் கேட்கும். எழுந்தாள். கதவுப் பக்கம்தான் போகப்போகிறாள், அதோடு போய்விடுவாள் என்று பாஸ்டரம்மா பயந்தாள். மகள் முன்னால் வந்தாள். பீடத்துக்கும் முதல் வரிசைக்கும் நடுவில், அப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏழு பேரையும் பார்த்து நின்றாள். கையைத் தூக்கிப் பேசத் தொடங்கினாள்.

அவள் பேச்சு அந்த ஏழு பேருக்குத்தான். மற்றவர்களுக்கு என்று அவள் நினைக்கவே இல்லை. சபையில் நூறு பேர் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள். கேட்கிறவர்கள் எல்லாரும் அன்று செவிடாக உட்கார்ந்திருந்தார்கள். பாஸ்டரம்மா நாற்காலியைவிட்டு எழுந்தாள். புரியாதவர்களுக்குச் சொல்வதுதானே அவள் வேலை. மகள் பக்கத்தில் போய் நின்று, கையைப் பார்த்துப் பார்த்து, வாயால் சொன்னாள்.

"நான் துதிக்கல" என்றாள்.

சிரிப்பு நின்றது.

"அன்னைக்கு எனக்குப் பால் நிக்கல. குடிக்க ஆளில்ல. போட்டிருந்த சட்டையெல்லாம் நனைஞ்சு வயிறுவரைக்கும் ஒழுகிச்சு. நான் கையைத் தூக்கினேன். நிறுத்துன்னேன். ஆண்டவர்கிட்டதான் சொன்னேன். அவர் நிறுத்தல."

பாஸ்டர் மைக்கிலிருந்து வாயை எடுத்தார்.

"நான் அதுக்கப்புறம் ஜெபம் பண்ணல. பண்ணுவேனான்னு எனக்குத் தெரியல. இங்க வந்தது இவங்க கூப்பிட்டதால. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கலாம்னு வந்தேன். இப்ப உட்கார்ந்திருக்கும்போதும் மனசுக்குள்ள நிறுத்து, நிறுத்துன்னு சொல்லிட்டே இருந்தேன். எங்கப்பாவும் நிறுத்தல."

தாழ்ந்த குரலில் ஐம்பத்திரண்டு வயதுப் பாஸ்டரம்மா 'எங்கப்பா' என்றதும் ஜனங்கள் குழம்பினார்கள். அப்புறம் ஒவ்வொருவராக விளங்கி, பீடத்தை நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மகள் கையைக் கீழே போட்டாள். அவ்வளவுதான் அவளுக்குச் சொல்ல இருந்தது. உருளைக்காரி உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒன்று கேட்டாள். மூன்று வாரமாக ஆஸ்பத்திரியிலோ கல்லறையிலோ வீட்டிலோ ஒருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை. பாஸ்டரம்மாவுக்கே அது தோன்றவில்லை. அதை நினைக்க அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"குழந்தைக்குப் பேர் என்ன?" என்று உருளைக்காரி கேட்டதை அவள் குரல் சபைக்குச் சொன்னது.

மகள் இடது கையைக் குழந்தை தூக்குவதுபோல மடித்தாள். முழங்கை மடிப்பில், தலை வந்து சாய்கிற இடத்தில், வலது கட்டைவிரலை வைத்து மெல்ல இரண்டு தடவை அழுத்தினாள். இரண்டு தடவை, அவ்வளவுதான். அவள் அதை எப்போதோ வைத்திருக்கிறாள். வயிற்றில் இருக்கும்போதே வைத்திருக்கலாம்.

யாருக்காவது புதிதாகப் பெயர் வந்தால் எல்லாரும் ஒரு தடவை தங்கள் கையால் செய்து பார்ப்பது ஆலைக்காரர்களின் பழக்கம். உருளைக்காரி தழும்பேறிய முழங்கையை மடித்து அழுத்தினாள். பக்கத்திலிருந்தவர் செய்தார். அடுத்தவர், அடுத்தவர் என்று ஏழு பேரும் செய்தார்கள்.

"பேர் சொல்றா" என்று சபைக்குச் சொன்ன பாஸ்டரம்மா அதற்குமேல் சொல்ல முடியாமல் நின்றாள். அந்தப் பெயருக்கு எழுத்து கிடையாது. வாயால் அதை என்ன செய்தாலும் கூட்டினதாகத்தான் ஆகும்.

அந்த மௌனத்தைப் பாஸ்டரால் தாங்க முடியவில்லை. மௌனம் வந்தால் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். மைக்கைப் பிடித்தார். "நாம எல்லாரும் கண்களை மூடி, தலைகளைத் தாழ்த்தி…"

வழக்கப்படி சபையில் பாதிப்பேர் கண்ணை மூடிவிட்டார்கள்.

"மூடாதீங்க" என்றாள் பாஸ்டரம்மா. யார் சொன்னதையும் எடுத்துச் சொல்லாமல், தனக்காக அந்த இடத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். ஜனங்களுக்குச் சொல்லவில்லை, அவரைப் பார்த்துத்தான் சொன்னாள். "கண்ணை மூடினா உங்க பேத்தி பேர் உங்களுக்குக் கேக்காது."

மூடின கண்கள் திறந்தன. வெளியே தூறல் பலத்து ஓட்டின்மேல் சத்தமாக விழ ஆரம்பித்தது. பாஸ்டர் பீடத்தைப் பிடித்திருந்த கையை எடுத்தார். மகள் மறுபடி காட்டுவாளா என்று பார்த்தார். அவள் காட்டவில்லை. பார்த்த ஞாபகத்தில் இடது கையை மடித்தார், கட்டைவிரலை எங்கேயோ கொண்டுபோய் வைத்து மூன்று தடவை அழுத்தினார்.

மகள் திரும்பி அதைப் பார்த்தாள். திருத்தவில்லை.